மஞ்சள் துணி கட்டிய பலகை

…சொல்லிவிட வேண்டியதுதான், இன்றைக்குச் சனிக்கிழமை, இன்றைக்கு விட்டால் பிறகு எப்போது, திங்கட்கிழமை விடிந்த பிறகு சொல்லி என்ன பிரயோசனம், ‘மொதலாளி, நீங்க நெனைக்கிறாப்புல என் கை ஒண்ணும் மந்தமாயிடலைங்க, என் உருப்படியில பாதி கண்ணம்மாக்கா பலகையிலதான் கெடக்குது, ஒரு வருசமாவே அப்புடித்தான்’… இவ்வளவுதானே, ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற பேச்சு, இதற்குப் போய் எதற்கு இத்தனை ஒத்திகை என்று பாஞ்சாலை தன்னையே கேட்டுக்கொண்டு பஸ்ஸின் மேல்கம்பியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். கருவேப்பிலங்குறிச்சியில் ஏறும்போதே உட்கார இடமில்லை. அந்தக் கண்ணம்மாளுக்கு மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் எழுந்து இடம் கொடுத்திருந்தார், அவளும் உட்கார்ந்த கையோடு, ‘நிக்கிறவளுக்கு எதுக்குடி கையில பாத்திரம், குடு இப்புடி’ என்று பாஞ்சாலையின் தூக்குவாளியையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தூக்குவாளி, இரண்டின் பிடியிலும் கோத்துக்கொண்ட அந்த விரல்கள், முழுசாக மடங்கவும் மாட்டாமல் நீளவும் மாட்டாமல்… பார்க்கக் கூடாது, பார்த்தால் வாயிலிருந்து சொல் வராது. ஜன்னலுக்கு வெளியே வெட்டி முடிந்த கரும்புக் கொல்லைகள் போய்க்கொண்டிருந்தன, தோகை எரித்த கரி, நடுவில் ஒரு கொக்கு, அதற்கு என்ன கவலை. ‘என்னாடி ஒரு மாதிரியா இருக்குற, ஒம் புருசன் சுப்புராயன் எதாச்சும் சொன்னானா?’ என்று கண்ணம்மாள் கீழேயிருந்து கேட்டாள். ‘அவுரு என்னா சொல்லப் போறாரு, கரும்பு வெட்டு முடிஞ்சு வூட்டோட கெடக்குறாரு, கோழிக்கும் அவருக்கும்தான் சண்ட’ என்று பாஞ்சாலை சிரித்தாள். சிரிக்க வந்ததே, அதுதான் ஆச்சரியம். ஒருத்தியின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் போகிறவள் அவளிடமே பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு அவளோடேயே சிரிப்பாளா, சிரிக்கிறாளே, இதோ.

செராமிக் எஸ்டேட்டுக்குள் நுழைகிற இடத்தில் சங்கத்துத் தமிழ்மணி ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ் இன்னும் இருந்தது, ஒரு மூலை மட்டும் பசை விட்டு காற்றில் படபடத்தது. செராமிக் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை ஏற்றியிருக்கிறது, இன்ன தேதியிலிருந்து அதற்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது… எழுத்துக் கூட்டி வாசிக்கிற வீராயி வாசித்துக் காட்டியபோது பாஞ்சாலைக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இப்போது கைக்கு வருவதைவிடப் பாதிக்கு மேலே கூட வருமாம். தமிழ்மணி கேட் பக்கத்து டீக்கடை பெஞ்சில் நின்றுகொண்டு சொன்னானே, ‘உருப்படிக்கு வவுறு இருக்குதாம்மா? ஆளுக்குத்தானே வவுறு. ஒரு ஆளு ஒரு நாளு வந்து ஒழைச்சா அந்தக் குடும்பம் அன்னைக்கு மரியாதையா சாப்புடணும், புள்ள படிக்கணும், காய்ச்ச வந்தா ஆஸ்பத்திரிக்குப் போவணும். அதுக்கு எவ்வளவு ஆவுமோ அதுக்குக் கீழ எறங்கக் கூடாதுன்றதுதான் சட்டம். எத்தன சீவுன எத்தன தொடைச்சன்ற கேள்வியே கெடையாது.’ வீராயி விடுவாளா, ‘ஏம்ப்பா தமிழ்மணி, இத்தினி நாளா அந்தச் சட்டம் எங்க போயிருந்துது, வேப்பூர்ல பஸ்ஸு கெடைக்காம நின்னுகினு இருந்துதா?’ என்றாள், அத்தனை பேரும் சிரித்தார்கள், தமிழ்மணியும் சிரித்தான். அன்றைக்கு ராத்திரி பாஞ்சாலை வெகுநேரம் தூங்கவில்லை, சந்தோஷத்தில் தூக்கம் கெடுவது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. ஆனால் புதன்கிழமை முதலாளி ராஜமாணிக்கம் பட்டறைக்குள் வந்து நின்றார், சத்தம் போடவில்லை, முகத்தைக் கூட சுளிக்கவில்லை, சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ‘அரசாங்கம் சொன்னத நான் குடுக்கறேன், இல்லேன்னு சொல்லல. திங்கக்கெழமையிலேந்து உருப்படிக் கூலி கெடையாது, எல்லாருக்கும் நாள் கூலிதான். ஆனா இத்தினி பேருக்கு என்னால முடியாது. பியூஸ் கட்டை வாங்குற கடைக்காரன் வெலைய ஒரு பைசா ஏத்த மாட்டன்றான், பிளாஸ்டிக்குல வந்துடுச்சு, ஒன்னுது எதுக்குன்றான். மூணு பேரு நின்னுக்கத்தான் வேணும். யாரு எவுருன்னு நான் சொல்லல, பலகை சொல்லட்டும். சனிக்கெழம வரைக்கும் யாரு பலகை கொறைச்சலா போவுதோ…’ என்று சொல்லி மிச்சத்தைச் சொல்லாமலே போய்விட்டார். பலகை சொல்லட்டுமாம். பலகை என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியுமா? பாஞ்சாலைக்குத் தெரியும். கண்ணம்மாளுக்கும் தெரியும். அந்த நிமிஷத்தில் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

உட்கார்ந்தாயிற்று. சுவரோரம் வரிசையாக மணை, எதிரில் பலகை, ஒரு கையில் உருப்படி, இன்னொரு கையில் துணி சுற்றிய, இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடுத் துண்டு. கரண்ட் மீட்டர் பக்கத்தில் வெள்ளையாக மாட்டியிருக்குமே பியூஸ் கட்டை, அதுதான் இந்தப் பட்டறையில் ஆகிற சரக்கு. அடுத்த கூடத்தில் ஆம்பிளைகள் பிரஸ்ஸில் மண்ணை அமுக்கித் தள்ளுவார்கள், பச்சை மண்ணாக வருகிற கட்டையின் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும், அதைச் சீவி, கம்பி போகிற பள்ளத்துக்குள் நுனியை விட்டு வழித்து, ஈர ஸ்பாஞ்சால் ஒரு துடை துடைத்துப் பலகையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் பெண்களுக்கு வேலை, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம், நாள் முழுக்கச் சீவிப் பார்த்தால் தெரியும் கட்டை விரலுக்கு. பலகை நிறைந்தால் மேஸ்திரி நல்லமுத்து வருவார், பலகை முனையில் கட்டியிருக்கிற துணியின் நிறத்தைப் பார்ப்பார், பாஞ்சாலைக்கு மஞ்சள், கண்ணம்மாளுக்கு நீலம், வீராயிக்குச் சிவப்பு, அந்த நிறத்துக்காரிக்கு நேரே சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போவார். மேஸ்திரி பார்ப்பது துணியைத்தான், கையை அல்ல. அதனால்தான் அந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும், யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, பலகை ஒப்பேத்தறது என்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி முதுகு வலியில் சாய்ந்து உட்கார்ந்தால், ராத்திரி முழுக்கக் குழந்தை அழுது ஒருத்தி கண் சொருகினால், பக்கத்தில் இருக்கிறவள் தான் சீவியதில் இரண்டை மூன்றை எடுத்து அவள் பலகையில் வைத்துவிடுவாள். வைத்தவள் வைத்தேன் என்று சொல்லக் கூடாது. வாங்கினவள் நல்லாயிரு என்று கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அது கடனாகிப் போய்விடும். போன வருஷம் ஊரையே முடக்கிப் போட்டதே அந்தக் காய்ச்சல், சிக்குன்குனியா, கோழிக்கறி தின்றால் வருகிறது என்று பேர் வைத்து ஒரு மாசம் ஊரில் ஒரு கோழி அறுபடவில்லை, அதில் கண்ணம்மாள் படுத்தாள், எழுந்தாள், விரல் மட்டும் எழுந்திருக்கவில்லை. ‘கோழியே தின்னாத எனக்கு எப்புடிடி வந்துது இது, தவறாம வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெரதம் இருக்கறவ நானு’ என்று அவள் கேட்டதில் எல்லோருக்கும் சிரிப்பு. அவள் பிளேடைப் பிடிக்க முடியாமல் பிடித்த முதல் நாளில் பாஞ்சாலையின் கை தானாகப் போய் நீலத்துணிப் பலகையில் ஒன்றை வைத்தது. அன்றைக்கு வைத்தது, மறுநாள் வைத்தது, வைத்துக்கொண்டே இருந்தது. ஒரு வருஷம்.

இன்றைக்கு வைக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றுகூட வைக்கவில்லை. இது என்ன அதிசயம், வைக்காமல் இருப்பதுதான் வேலையாக இருக்கிறது, சீவுவது பெரிய காரியமில்லை, சீவி முடித்த கை பழக்கத்தில் இடது பக்கம் போகிறது, அதை இழுத்து நேரே கொண்டுவந்து மஞ்சள் துணிப் பலகையில் வைக்க வேண்டியிருக்கிறது, அவிழ்த்துக்கொண்ட மாட்டைக் கொட்டிலுக்கு இழுக்கிற மாதிரி. கண்ணம்மாள் பார்த்திருப்பாளா? பார்க்காமல் இருப்பாளா? பலகையைப் பார்த்தாலே தெரியுமே, வழக்கமாக இந்நேரத்துக்குப் பாதி நிறைந்திருக்கும் நீலம், இன்றைக்கு மேலே ஒரு ஓரத்தில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பல்லு விழுந்த வாய் மாதிரி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து சீவிக்கொண்டிருக்கிறாள், சரக்… சரக்… பாஞ்சாலை இரண்டு சீவுவதற்குள் அங்கே ஒரு சரக். கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், ‘ஏண்டி, என்னா ஆச்சு ஒனக்கு இன்னைக்கு’ என்று கேட்டால் இவளும் கேட்டுவிடலாம், ‘ஏன் போடணும், ஒரு வருசமா போட்டேனே, எனக்குப் புள்ள குட்டி இல்லியா?’ என்று கேட்டுவிடலாம். கேட்க மாட்டாள். கேட்கக் கூடாது என்பதுதானே வழக்கம், அந்த வழக்கத்தில் இவ்வளவு பெரிய பூட்டு இருக்கிறது என்று இத்தனை வருஷம் தெரியவில்லையே.

மோகனப்பிரியா… பெற்ற மகள் இருக்கிறாள் அல்லவா, அவளுக்காகத்தானே இதெல்லாம். பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டாள், குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். இதோ இங்கேயே விருத்தாசலம் கவர்மெண்டு காலேஜில் இடம் கிடைக்கும் என்று டீச்சரே சொன்னார், பஸ்ஸுக்குப் பாஸ் இருக்கிறது. ஆனால் போன வாரம் அந்த ஆள் வந்தான், கோயமுத்தூர்ப் பக்கத்து மில்லுக்குப் பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவன், வெள்ளைச் சட்டை, கை நிறைய போட்டோ. மூன்று வருஷம் ஆஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, தாலிக்குத் தங்கம் எடுக்க ஆகுமாம். ‘மூணு வருசம் வெளிய வரக் கூடாதாம்மா, போன் பேசறதுகூட ஞாயித்துக்கெழமதானாம்’ என்று மோகனப்பிரியா சொன்னாள், அழவில்லை, நியூஸ் படிக்கிற மாதிரி சொன்னாள். சுப்புராயன் கவர்மெண்டில் கொடுத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், டிவி ஓடவில்லை, கரண்ட் இல்லை, அணைந்த டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாஞ்சாலைதான் சொன்னாள், திங்கட்கிழமை சொல்கிறோம் என்று. கூலி ஏறினால் பிள்ளை காலேஜுக்கு. ஏறாவிட்டால்… ஏறாவிட்டால் என்று இப்போது சொல்ல முடியாதே, ஏறத்தான் ஏறிவிட்டது, ஏறின கூலி இவளுக்கா இல்லையா என்பதுதான் இப்போது. எவ்வளவு வினோதம், இத்தனை காலம் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் இல்லாமல் இருந்தது, இப்போது சிலருக்கு வந்து சிலருக்கு இல்லாமல் போகப் போகிறது. இது முன்னைவிட நல்லதா, கெட்டதா? நல்லதுதான், நல்லதாகத்தான் இருக்க வேண்டும், தமிழ்மணி பொய் சொல்லுகிறவன் இல்லை. ஏரி வெட்டுகிற நூறு நாள் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரி மண் கூடையை அலட்டாமல் தூக்கிப் போட்டுவிட்டு இவளைவிடக் கூட வாங்குகிறாள் என்று எத்தனை நாள் வயிறு எரிந்திருக்கிறது. கூலி ஏறட்டும். ஏறின கூலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மூன்று பேர் கீழே நிற்க வேண்டும் என்பது மட்டும் யார் போட்ட சட்டம்? நோட்டீஸில் அந்த வரி இல்லையே, வீராயி விட்டுவிட்டு வாசித்தாளா?

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது கட்டினால் என்ன. ஊரில் எத்தனை பேர் கட்டுகிறார்கள், ஆடு காணாமல் போனவன், மருமகளோடு ஒத்துவராதவள், பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்கிறவன், இன்னார் மேல் இன்ன குறை என்று பேரோடு ஊரோடு எழுதி வேலில் கட்டிவிட்டால் சாமி விசாரித்துத் தீர்த்து வைப்பார். பாஞ்சாலை மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். அய்யா கொளஞ்சியப்பா, கருவேப்பிலங்குறிச்சி பாஞ்சாலை எழுதிக்கொள்வது… யார் மேல்? பேர் சொல்ல வேண்டுமே. கண்ணம்மாள் மேலா, அவள் என்ன குற்றம் செய்தாள், ஒரு நாள் கை நீட்டிக் கேட்டாளா? முதலாளி மேலா, அவர் இந்தச் சூளைக்குப் பக்கத்திலேயே வெந்து கருத்துப்போன மனுஷர், அவரை அழுத்துகிறவன் யாரோ ஒரு கடைக்காரன், அவன் பேர் தெரியாது. விலையை ஏற்ற மாட்டேன் என்கிற பேர் தெரியாத அந்த ஆள் மேல் எழுதினால் சாமி அவனை எந்த ஊரில் போய்த் தேடுவார்? அப்புறம்… அப்புறம் தன் மேலேயே தானா? வைத்ததற்கா, இன்றைக்கு வைக்காமல் விட்டதற்கா? ‘என்னா புள்ள வாயிலயே முணுமுணுத்துகினு இருக்குற, மந்திரமா?’ என்று வீராயி அந்தப் பக்கத்திலிருந்து குரல் விட்டாள். ‘அரசாங்கக் கூலி வாங்கப் போற மகாராணிக்கு இப்பவே வாய் மெல்லுதுடோய், பிரியாணி ஞாபகம்.’ ‘நீதான்டி மகாராணி, ஒம் பலகைதான் நிக்காம ஓடுது’ என்றாள் பாஞ்சாலை. ‘ஓடுது ஓடுது, எங்க ஓடுது, கண்ணம்மாக்கா பலகைதான் இந்த வாரமே ராக்கெட்டு மாதிரி…’ என்று சொல்ல வந்த வீராயி சட்டென்று நிறுத்தினாள். நீலத்துணிப் பலகையைப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு ஸ்பாஞ்சைப் பிழிந்தாள், பிழிந்த தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆக, இவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு எல்லோரும் இன்றைக்குச் சாயங்காலத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்கு நல்லமுத்து மேஸ்திரி வந்து, ‘பாஞ்சால, மொதலாளி ஒன்ன ரூமுக்கு வரச் சொன்னாரு’ என்றார். மற்றவர்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு எழுந்து போனார்கள். பாஞ்சாலை கையைக் கழுவினாள், மண் போகவில்லை, இன்னொரு தரம் கழுவினாள். இதுதான் நேரம், நான் போகாமலே அவரே கூப்பிட்டுவிட்டார், இதைவிட என்ன வேண்டும், கொளஞ்சியப்பரே பிராதைப் படித்துவிட்டார் போல. ராஜமாணிக்கம் மேசை மேல் சூளையில் விரிசல் விட்ட கட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல கட்டை என்றால் கணீர் என்னும், விரிசல் என்றால் மண் ஓட்டைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். ‘ஒக்காரு’ என்றார். உட்காரவில்லை. ‘ஒன்னப் பத்திதான் எனக்கு யோசனையா இருக்குது பாஞ்சால. வீராயிக்கே சவால் வுட்டவ நீயி. இந்த ஒரு வருசமா ஒம் பலகை ஏன் இப்புடி? ஒடம்புக்கு எதாச்சும்? வூட்டுல எதாச்சும்? அந்தக் கண்ணம்மா காய்ச்சல்ல படுத்து எழுந்தவ, அவளே ஒன்னத் தாண்டிப் பூட்டா. நான் என்னா செய்யட்டும், சொல்லு.’ சொல்லு என்று அவரே சொல்கிறார். பஸ்ஸில் கட்டி வைத்த பேச்சுதான். ‘மொதலாளி, என் உருப்படியில பாதி…’ என்று ஆரம்பித்தாள். ‘பாதி?’ என்றார் அவர், கையிலிருந்த கட்டையைக் கீழே வைக்காமல்.

பாதி… அந்த நேரத்தில் எதற்கு அது ஞாபகம் வர வேண்டும், கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்து ஒரு மாசம்கூட ஆகாமல் இவள் வேலைக்கு வந்தது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் எழுந்தால் உட்கார முடியாமல், சாயங்காலம் மேஸ்திரி தன் நிறத்துக்கு நேரே கோடு கோடாக இழுத்ததைப் பார்த்து, நாம் இவ்வளவா சீவினோம் என்று தனக்கே குழம்பிப்போனது. அன்றைக்கு வைத்தது யார்? கண்ணம்மாள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணம்மாள் மட்டும்தானா? ஒரு ஆள் வைக்கக் கூடியதா அது? வலது பக்கம் உட்கார்ந்திருந்தது வீராயி அல்லவா, யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத வீராயி… ‘என் உருப்படி என் பலகையில மட்டும் இல்லைங்க’ என்றாள் பாஞ்சாலை, அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ‘பின்ன யாரு பலகையில?’ ‘எல்லாரு பலகையிலயும் இருக்குதுங்க. எல்லாருதும் என் பலகையில வந்து குந்தியிருக்குதுங்க. வவுத்துப் புள்ளக்காரி, காய்ச்சக்காரி, தூங்கி வுழுறவ… மொதல்லேந்தே அப்புடித்தாங்க. யாரு எவ்வளவுன்னு கேட்டா எங்களுக்கே தெரியாதுங்க.’ ஜன்னல் வழியாகப் பட்டறைச் சுவரில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன, ராஜமாணிக்கம் அதைப் பார்த்தார், சிரித்த மாதிரி இருந்தது, சத்தம் வரவில்லை. ‘அப்ப இத்தினி வருசமா நான் சொவத்தப் பாத்தது…’ என்று ஆரம்பித்தவர் பேச்சை மாற்றினார். ‘பலகையப் பாக்க வாணாம்னா எதப் பாத்து நான் நிறுத்தறது, மூஞ்சியப் பாத்தா?’ ‘நிறுத்தாமயே இருக்க முடியாதுங்களா?’ ‘அத நீ என்கிட்ட கேக்கற. நான் யாருகிட்ட போயி கேக்கட்டும்?’ என்றார், கோபமாக இல்லை, நிஜமாகவே யாரிடமாவது கேட்க வேண்டியவர் போல. கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். ‘போ, போயி சாப்புடு. சாயங்காலம் நானே வந்து பாக்கறேன்.’

வெளியே வந்தால் வெயில் கண்ணில் அறைந்தது. என்ன செய்துவிட்டு வந்தோம்? அக்காவைக் காப்பாற்றினோமா, எல்லோரையும் காட்டிக்கொடுத்தோமா? சாயங்காலம் அவர் வந்து என்ன பார்ப்பார், இனிமேல் துணியைப் பார்க்க மாட்டார், ஒவ்வொருத்தி பக்கத்திலும் நின்று கையைப் பார்ப்பார், கையைப் பார்த்தால் முதலில் தெரிவது எந்தக் கை? அப்படியென்றால் காலையில் சொல்ல நினைத்ததைத்தான் வேறு வார்த்தையில் சொல்லிவிட்டு வந்தோமா… இல்லை, அப்படி இல்லை, தமிழ்மணியிடம் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும், அவனைச் சாயங்காலம் கேட்டில் நிற்கச் சொல்ல வேண்டும், வீராயியிடமும் சொல்ல வேண்டும், அவள் முதலில் ஒரு பாட்டம் திட்டுவாள், திட்டட்டும். மோகனப்பிரியாவிடம் மட்டும் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். வேப்ப மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், யாரோ புளிக்குழம்பைப் பற்றி என்னவோ சொல்ல யாரோ சிரித்தார்கள், அதில் கண்ணம்மாள் குரல் இல்லை. பார்த்தாள், கண்ணம்மாளே இல்லை. பட்டறைக்குள் போனாள்.

கண்ணம்மாள் தன் மணையிலேயே உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இரண்டு தூக்குவாளியும் மூடி திறக்காமல். ‘வந்துட்டியா, வா, சாப்புடலாம்’ என்றாள், முதலாளி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நீலத்துணிப் பலகையில் காலையில் இருந்த கொஞ்சமும் இல்லை, வெறும் மரம், ஈரத் தடங்கள் மட்டும் கட்டம் கட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தன. மஞ்சள் துணிப் பலகையில் பாஞ்சாலை விட்டுவிட்டுப் போன இடத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரிசை, அதற்குக் கீழே இன்னொன்று பாதி. பாஞ்சாலை ஒன்றை எடுத்தாள். யார் கை என்று பார்த்த உடனே தெரியும், ஓரமெல்லாம் சீவியிருக்கிறது, நன்றாகவே சீவியிருக்கிறது, கம்பி போகிற பள்ளத்துக்குள் மட்டும் பிசிறு அப்படியே நிற்கிறது, மடங்காத விரல் அதற்குள் போகாது. நல்லமுத்து பார்த்தால் இதைத் தள்ளிவிடுவார், பச்சையாக இருக்கிற வரைக்கும் எதையும் தொட்டியில் போட்டுத் திரும்ப மண்ணாகக் கரைத்துவிடலாம், சூளைக்குப் போன பிறகுதான் மாற்ற முடியாது. காலையிலிருந்து வைக்காமல் விட்டதற்குப் பதிலா இது, ஒரு வருஷத்துக்குத் திருப்பியா, இல்லை, நீ இரு நான் போகிறேன் என்பதா? கேட்கலாமா? கேட்கக் கூடாதே. இத்தனை நாள் வைத்தோமே, ஒரு நாளாவது இவளுக்கு வேண்டுமா என்று கேட்டு வைத்தோமா, இவளும் கேட்காமல்தானே வைத்திருக்கிறாள்… கண்ணம்மாள் தூக்குவாளி மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், ‘இத ஏண்டி இவ்வளவு இறுக்கமா மூடி வெக்கிற, தொறக்க வரமாட்டன்னுது’ என்றாள். ‘இரு, வரேன்’ என்றாள் பாஞ்சாலை. கை பழக்கத்தில் பிளேடை எடுத்துவிட்டது, நுனி பள்ளத்தின் வாயில் வந்து நின்றுவிட்டது, ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இழுத்துவிட்டால் அப்புறம் இது யார் உருப்படி?